கப்பல் காத்திருக்கும் பகலில் கல்முனை

"திருகோணமலையில் இறங்கினால் கல்முனைக்கு வந்துபோக நேரம் இருக்குமா?" சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலில் வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. நான் கல்முனைக்காரன். வாருங்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனாலும் பெரும்பாலான கப்பல்களில் வருகிறவர்களுக்கு என் பதில், நேரம் இல்லை என்பதுதான். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை, இல்லாதவர்கள் அந்தப் பகலை என்ன செய்யலாம் என்பதை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

முதலில் கரையின் அமைப்பு. கல்முனை இருக்கும் அம்பாறைக் கரையில் உல்லாசக் கப்பல் வந்து கட்டும் துறை கிடையாது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய கோர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளைத் தொட்டது. உலகைச் சுற்றும் பெரிய கப்பல்கள் அநேகமாகக் கொழும்புக்கு வரும். சில திருகோணமலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் வரும். எங்களுக்குக் கிட்டியது திருகோணமலைதான். அம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவிலுக்கு வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு இன்னும் எழுபது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அம்பாந்தோட்டையில் இறங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிட்டுத் திசமகாராமையையும் யால காட்டையும் பார்த்துக்கொள்ளட்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் அஷ்ரப் இறங்குதுறை என்று ஒன்று இருக்கிறது. கல்முனையில் வளர்ந்து, 1994இல் துறைமுக அமைச்சராகி, 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்துபோன எம்.எச்.எம். அஷ்ரபின் பெயர் அது. எங்கள் கரையிலுள்ள ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டும் என்று கனவு கண்டவரும் அவரே. அந்தக் கனவு என்னவாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கப்பல் பயணி தன் நாளைக் காலையிலிருந்து திட்டமிடுவது வழக்கம். ஏழு மணிக்குக் கப்பல் கட்டும், எட்டுக்கு இறங்குவோம், பிறகு பார்ப்போம் என்று. அதை மாலையிலிருந்து எண்ண வேண்டும். கப்பல் ஆறு மணிக்குப் புறப்படுகிறது என்றால் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும். ஐந்து என்று வைத்துக்கொள்வோம். துறைமுக வாசலில் சோதனை, வரிசை, உள்ளே போகும் தூரம் எல்லாவற்றுக்கும் முக்கால் மணி நேரம் விடுங்கள். வழியில் டயர் போகலாம், மழை பெய்யலாம். அதற்கு இன்னொரு முக்கால் மணி. ஆக, மூன்றரைக்கு நீங்கள் திருகோணமலை நகரத்துக்குள் இருக்க வேண்டும். காலையிலும் ஏழு மணிக்கு யாரும் இறங்கிவிட மாட்டார்கள். குடிவரவு முடிந்து, கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாக்காரர்கள் முதலில் இறங்கி, உங்கள் முறை வர எட்டோ எட்டரையோ ஆகும். கப்பல் குடாவில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கினால் இன்னும் தாமதம்.

இப்போது மீதியைப் பாருங்கள். எட்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் ஏழு மணி நேரம். திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு வழியாகக் கல்முனைக்கு ஏறக்குறைய 170 கிலோமீற்றர். நல்ல சாரதி ஓட்டினாலும் மூன்றரையிலிருந்து நாலு மணி நேரம். போக வரவே ஏழரை. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போடாமல் வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். சென்னைக்காரர்கள், பெரியவர் ஒருவர், இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு வேன் பிடித்துக்கொடுத்தவர், "பன்னிரண்டுக்குக் கல்முனை, நாலுக்குத் திருப்பி" என்று சொல்லியிருக்கிறார். நான் எங்கள் ஊரில் சோறு சமைத்துவைத்துக் காத்திருந்தேன். வாழைச்சேனைக்கு வந்தபோதே பதினொன்றரை ஆகிவிட்டது. தொலைபேசியில் நான்தான் திரும்பிப் போங்கள் என்றேன். அன்றைக்கு அவர்கள் பார்த்தது வேன் கண்ணாடிக்கு வெளியே ஓடிய பற்றைக்காடும் வயலும் மட்டும். ஒரு முழுப் பகல் வீணாய்ப் போனதற்கு நானும் ஒரு காரணம்; முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு கவனம், கப்பலின் நேரம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 2006 ஏப்ரலிலிருந்து ஒரே நேரம்; சென்னைக் கப்பலில் வந்தால் குழப்பமில்லை. மாலைதீவிலிருந்து வரும் கப்பல் அரை மணி பின்னாலும், சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பல் இரண்டரை மணி முன்னாலும் ஓடும் கடிகாரத்தோடு வரலாம். கைத்தொலைபேசி கரையேறியதும் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் மாற்றிக்கொள்ளாமல் இருக்கலாம். கப்பல் நேரத்தை ஒரு கைக்கடிகாரத்தில் வைத்து அதைத் தொடாதீர்கள்.

கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக வேன் பிடித்துப் போனால் காத்திருக்காது. விட்டுவிட்டுப் போன கப்பலை அடுத்த துறையில் பிடிப்பது உங்கள் செலவு. அதனால் கப்பலில் தினமும் தரும் தாளில் இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணை ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் அதன் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்

எட்டு மணி நேரம் நிற்கும் கப்பலில் வந்தவர் திருகோணமலையை விட்டு அதிக தூரம் போக வேண்டாம். கோணேசர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், வெயிலில் கல்லும் கால்வைக்க முடியாமல் சுடும். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் இடத்தில், அவர்கள் கட்டிய கோட்டைக்குள்ளேயே நடந்துதான் இன்றைய கோயிலுக்குப் போகிறோம். வழியில் புள்ளிமான்கள் நின்று பார்க்கும். அவற்றுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள். அதன் பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள், ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கடலில் குளிக்க நிலாவெளி.

எங்கள் முஸ்லிம் ஊர்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பவர்கள் கிண்ணியாவுக்குப் போங்கள். 2009 அக்டோபரில் திறந்த 396 மீற்றர் நீளப் பாலத்தால் கடக்கலாம். அதற்கு முன்னால் பாதைப்படகுக்கு வெயிலில் காத்து நின்ற இடம் அது. பாலத்துக்கு அப்பால் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்துவிட்டு, கடைத்தெருவில் நடந்துவிட்டுத் திரும்பலாம். அரைப் பகலுக்கு அது போதும்.

பத்து மணி நேரம் இருந்தால் பாசிக்குடா வரை வரலாம். வாழைச்சேனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, இரண்டு மணி நேரம் கொஞ்சம் கூடும். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்தக் கரையில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மட்டக்களப்பையும் சேர்த்துக்கொள்ள நினைக்காதீர்கள்.

கல்முனைக்கு வருகிறவர்கள்

கப்பல் இரவு பத்து வரை நின்றால், அல்லது ஓர் இரவு தங்கினால், கல்முனைக்கு வாருங்கள். இரவு தங்கும் கப்பலென்றால் கரையில் படுத்துறங்க அனுமதி உண்டா என்று கப்பலின் வரவேற்பு மேசையில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சில பயணங்களில் இரவுக்குள் திரும்பியாக வேண்டும் என்ற விதி இருக்கும். அனுமதி இருந்தால் முதல் நாள் பின்னேரமே புறப்பட்டு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தங்கி, விடியலில் சுபஹு பாங்கு கேட்கும்போது எழும்பிக் கடற்கரைக்குப் போங்கள். எங்கள் ஊரின் உயிர் அந்த நேரத்தில்தான் வெளியே இருக்கிறது.

கல்முனைக் கடற்கரை குளிக்கிற கடற்கரை கிடையாது. அது வேலை நடக்கும் இடம். மீன் வாடிகள், தோணிகள், இயந்திரப் படகுகள், மணலில் பரப்பிய வலைகள். மாசி, பங்குனி கழிந்து கடல் அமைதியானதும் கரைவலை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் பின்னோக்கி நடந்து நடந்து வலையைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். மடி கரைசேரும்போது கீரியும் நெத்தலியும் பாரைக்குட்டியும் துள்ளும். ஏலம் அங்கேயே நடக்கும். கயிற்றைத் தாண்டாதீர்கள், வலையை மிதிக்காதீர்கள். கயிறு பிடித்துப் பார்க்க ஆசையென்றால் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேளுங்கள், சிரித்துக்கொண்டே இடம் விடுவார்.

எப்படிக் கூப்பிடுவது என்று இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். "பாய்" என்று எங்களைக் கூப்பிட வேண்டாம். அது எங்கள் பேச்சில் இல்லை. வயதில் மூத்த ஆணைக் காக்கா என்றும், மூத்த பெண்ணை ராத்தா என்றும் கூப்பிடுங்கள். இளையவர் தம்பி, தங்கச்சி. கல்முனையின் தமிழ்த் தெருக்களிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் அண்ணன், அக்கா. இந்த இரண்டு சொல்லை மாற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டாலே பாதி வழி திறந்துவிடும்.

இந்தக் கரையின் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியார் கண்டுபிடிக்க முடியாது. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மறுபடி முஸ்லிம் ஊர் என்று ஒரே பெருந்தெருவில் கோத்தாற்போல் இருக்கும். மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மிஞ்சாது. நான் மூன்று இடங்களைத் தருகிறேன். உங்களுக்குப் பிடித்த இரண்டைத் தெரிந்தெடுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து வரும்போது முதலில் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரம், சேலை, படுக்கைவிரிப்பு. இழைவிலை ஏறியதாலும் இயந்திரத் தறியோடு போட்டியிட முடியாததாலும் தறிகள் குறைந்துபோயின. இருந்தும் உள்தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் காதில் விழும். பெருந்தெருக் கடையில் வாங்குவதைவிடச் சத்தம் கேட்கும் வீட்டில் வாங்குங்கள். காசு நெய்தவர் கைக்கு நேரே போகும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வரும். மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே வாசலில் நின்று பார்க்கலாமா என்று கேட்பதென்றால் ராத்தாவிடம் கேளுங்கள், அது அவவின் வீடு. "உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பா. மறுக்காதீர்கள். மறுப்பதற்குத்தான் அதிக நேரம் செலவாகும். விலையில் கொஞ்சம் பேசலாம், பாதியாகக் கேட்காதீர்கள். ஒரு சாரத்துக்குப் பின்னால் பாவு ஓடி, சாயம் போட்டு, நாளெல்லாம் மிதித்த கால் இருக்கிறது.

இரண்டாவது, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவில் எழுந்த தர்கா. சென்னைக்காரர்களுக்கும் நாகப்பட்டினத்தாருக்கும் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். நீங்கள் கப்பலில் கடந்துவந்த அதே கடலின் அந்தப் பக்கம் நாகூர், இந்தப் பக்கம் இது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கே கொடியேற்றம் நடக்கும். பிறை மாதமாகையால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். உங்கள் பயணத் திகதியோடு ஒத்துவந்தால் விட்டுவிடாதீர்கள். பெண்கள் தலையை மூட ஒரு துணி கொண்டுவரட்டும். ஆண்கள் அரைக்காற்சட்டையோடு வர வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, படமெடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

பள்ளிக்கு முன்னால் கடலைப் பார்த்து நிற்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. கரையோரத்தில் இன்றைக்கும் வெறும் அத்திவாரங்கள் தெரியும் இடங்கள் உண்டு. நீங்கள் பேசும் காக்காவோ ராத்தாவோ அன்றைக்கு யாரையாவது இழந்திருப்பார். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகக் கிளறாதீர்கள்.

மூன்றாவது, காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பழந்தமிழிசையை ஆராய்ந்து யாழ் நூல் எழுதியவர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, அவர் ஊர் எங்கே என்று தெரியாமலே இருக்கிறார்கள். அங்கே கண்ணகி அம்மன் கோயிலும் உண்டு. மதுரையை எரித்தவளுக்கு இந்தக் கரை முழுவதும் கோயில்கள். வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் குறைக்காதீர்கள். சோறு, மீன் ஆணம், புளியாணம், இறைச்சிக் கறி, கடைசியில் வட்டிலப்பம். எங்கள் ஊர்களில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். இறைச்சி என்று பொதுவாகச் சொன்னால் அது மாட்டிறைச்சியாக இருக்கும். உண்ணாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் மனம் நோகமாட்டார்கள். மரக்கறி மட்டும் உண்கிறவர்கள் கல்முனை நகரில் சைவக் கடை எதுவென்று விசாரியுங்கள். மற்றக் கடைகளில் தேங்காய்ச் சம்பலுக்குள்ளேயும் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

ஒலுவில் துறைமுகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், ஓர் இரவு தங்குகிறவர்களாக இருந்தால் மட்டும், நிந்தவூரைக் கடந்து இன்னும் தெற்கே வரலாம். அஷ்ரபின் முயற்சியில் 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அங்கேதான். துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013 செப்டம்பர் 1இல் திறக்கப்பட்டது. சரக்குக் கப்பல் போக்குவரத்து நிலைக்கவில்லை. எங்கள் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். கடலுக்குள் நீட்டிய கல்லணை அந்த ஓட்டத்தை மறித்தது. மணல் தெற்கே குவிந்து வாயை அடைத்தது. வடக்கே மணல் போய்ச்சேராமல் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்த கரையை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வந்திறங்க வேண்டிய துறை அது. அதைப் பார்த்துவிட்டுப் போனால், ஏன் 170 கிலோமீற்றர் வர வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

எந்த நாளில் வரக்கூடாது

வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஜும்ஆத் தொழுகை. முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும், தெரு வெறிச்சோடிப்போகும். உங்கள் கப்பல் வெள்ளிக்கிழமை வந்தால் அந்த நேரத்தைக் காரைதீவுக்கு வையுங்கள். நோன்பு மாதத்தில் பகலில் முஸ்லிம் பகுதிகளில் சாப்பாட்டுக் கடை திறக்காது. தெருவில் நின்று தண்ணீர் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும். ஆனால் அந்த மாதத்தில் இரவு தங்க வாய்த்தவருக்கு நோன்பு திறக்கும் நேரத்தின் கஞ்சி கிடைக்கும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும். வீதியில் வெள்ளம் ஏறினால் வாகரைப் பக்கம் நின்றுபோக நேரும். அந்த மாதங்களில் திருகோணமலையைத் தாண்ட வேண்டாம். வைகாசியிலிருந்து ஆவணி வரை நல்ல காலம். ஆனால் கச்சான் காற்று வீசும். கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலையும்தான், தென்மேற்கிலிருந்து வரும் இந்த அனல் காற்றும்தான். மதியத்துக்குப் பிறகு மணலை வாரி முகத்தில் அடிக்கும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள்.

வேன் பேசும்போது நாள் முழுவதற்கும் எவ்வளவு, எண்ணெய்க்காசு உள்ளே அடங்குமா, காத்து நிற்பதற்கு வேறா, எத்தனை மணிக்குத் துறைமுக வாசலில் இறக்குவார் என்ற நான்கையும் ஒரு கடதாசியில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். முற்பணம் கொஞ்சம், மீதி திரும்பிய பிறகு. சாரதியையும் உங்களோடு உட்காரவைத்துச் சாப்பிட வையுங்கள். காசைச் சில்லறை நோட்டுகளாக மாற்றி வையுங்கள். தறி வீட்டில் அட்டை எடுபடாது. அவசரத்துக்கு நோயாளர் காவு வண்டி 1990, பொலிஸ் 119.

திரும்பும்போது இரவாகிவிட்டால் வேகம் வேண்டாம் என்று சாரதியிடம் சொல்லுங்கள். பகல் சூட்டை வைத்திருக்கும் தாரில் மாடுகள் படுத்திருக்கும், வெளிச்சம் பட்டாலும் எழும்பாது. அதற்கும் சேர்த்துத்தான் மேலே முக்கால் மணி விட்டேன்.

வழியோரத்தில் எருமைத்தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கட்டாயம் ஒன்று வாங்குங்கள். பாணியும் ஒரு கரண்டியும் கேட்டு வாங்குங்கள். பல கப்பல்களில் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே வேனிலேயே எல்லோருமாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வெறும் சட்டியைச் சாரதியிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பூக்கன்று வைப்பார்கள்.